பால் வண்டி, மில் ஷிப்ட், ஒரு ரெவ்யூவர்

ஓ.ஆர். எனப்படும் செயல்முறை ஆராய்ச்சித் துறையின் ஜர்னல்களில் ஒன்று, கட்டுரையோடு சேர்த்து ஒரு கடிதமும் கேட்கும். ‘இன்டர்ஃபேசஸ்’ என்பது அதன் பழைய பெயர். 2019 முதல் ‘இன்ஃபார்ம்ஸ் ஜர்னல் ஆன் அப்ளைடு அனலிட்டிக்ஸ்’ என்று வருகிறது. கணக்குப் போட்டவர் எழுதித் தரும் கடிதம் இல்லை அது. அந்தக் கணக்கை வைத்து வேலை பார்த்த நிறுவனத்தின் பொறுப்பான அதிகாரி ஒருவர், “இவர்கள் சொல்கிற முறையை நாங்கள் பயன்படுத்தினோம், இன்ன பலன் கிடைத்தது” என்று கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். பழைய இதழ்களில் கட்டுரை முடிந்ததும் அதன் வாலில் அந்த அதிகாரி சொன்னதையும் அச்சிட்டிருப்பார்கள். மற்ற ஜர்னல்கள் என்னிடம் இப்படிக் கேட்பது அபூர்வம். தேற்றத்தைக் கேட்பார்கள், கணினி ஓட்ட நேரத்தைக் கேட்பார்கள், நிரலைக்கூடக் கேட்பார்கள். “சரி, யாராவது இதைப் பயன்படுத்தினார்களா?” என்று கேட்பதில்லை.

அந்தக் கேள்வி ஏன் இவ்வளவு அபூர்வமாக இருக்கிறது என்பதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் புலம்பலும் உண்டு, பொறுத்துக்கொள்ளவும்.

ஓ.ஆர். என்றால், வண்டி, ஆள், பொருள் போன்றவற்றை எப்படிப் பிரித்தால் நல்லது என்று கணக்குப் போட்டுப் பார்க்கும் துறை. பிளஸ் டூவில் வணிகக் கணிதம் எடுத்தவர்களுக்குக் கடைசி அத்தியாயம் ஞாபகம் இருக்கும். மூன்று தொழிற்சாலை, நான்கு கிடங்கு, நடுவில் ஒரு அட்டவணை, வடமேற்கு மூலை முறை, வோகலின் தோராய முறை. பொறியியல் பக்கம் வந்தவர்களில் பலர் ஐ.ஐ.டி. மெட்ராஸ் பேராசிரியர் ஜி. சீனிவாசனின் என்.பி.டி.இ.எல். இணைய வகுப்புகளைப் பார்த்துத் தேர்வு எழுதியிருப்பீர்கள். நான் அதே அட்டவணையைத்தான் வருடா வருடம் கரும்பலகையில் போட்டுக்கொண்டிருக்கிறேன். அந்த அட்டவணையில் எல்லா எண்ணும் ஏற்கெனவே நிரப்பப்பட்டிருக்கும். தொழிற்சாலையிலிருந்து கிடங்குக்கு ஒரு மூட்டை கொண்டுபோக 7 ரூபாய் என்று போட்டிருந்தால் 7 ரூபாய்தான். அந்த 7-ஐ யார் சொன்னார்கள், மழைக்காலத்திலும் அதே 7-தானா என்று எந்த மாணவரும் கேட்டதில்லை. கேட்டால் பாடம் நகராது.

களத்தில் வேலையே அந்த 7-இல்தான் இருக்கிறது.

இதற்கு நான் வகுப்பில் எப்போதும் சொல்வது நெதர்லாந்து ரயில்வே கதை. அந்த நாட்டின் பெரும்பாலான பயணிகள் ரயில்களை ஓட்டும் நிறுவனம் அது. 2001-ல் டிரைவர்களுக்கும் கண்டக்டர்களுக்கும் ஒரு புதிய வேலைத் திட்டம் கொண்டுவந்தார்கள். ஓரிடத்தில் வண்டி தாமதமானால் அந்த டிரைவர் அடுத்து ஏற வேண்டிய வண்டியும் தாமதமாகும், அங்கிருந்து இன்னொன்று என்று நாடு முழுக்கப் பரவும். அதைத் தடுக்க ஒவ்வொருவரையும் ஒன்றிரண்டு தடங்களோடு கட்டிப்போட்டுவிட்டால் என்ன? தாளில் பார்த்தால் அருமையான யோசனை. தாமதம் அந்தத் தடத்தோடு நின்றுவிடும்.

வேலை பார்ப்பவர்கள் அதற்கு ‘தேவாலயத்தைச் சுற்றி ஒரு ரவுண்டு’ என்று பட்டப்பெயர் வைத்தார்கள். காலையிலிருந்து மாலை வரை ஒரே இரண்டு ஊருக்கு நடுவில் செக்குமாடு மாதிரி போய்வருவதற்கு எவன் சம்மதிப்பான்? வேலைநிறுத்தம் வெடித்தது. எந்தத் தாமதத்தைக் குறைக்கத் திட்டம் போட்டார்களோ அந்தத் தாமதமே தாறுமாறாக ஏறியது. விவகாரம் முற்றி நிறுவனத்தின் தலைமையே மாற வேண்டியதாயிற்று.

அப்புறம் நடந்ததுதான் முக்கியம். நிர்வாகமும் தொழிலாளர்களும் உட்கார்ந்து பேசி ஒரு புதிய விதித்தொகுப்பை உண்டாக்கினார்கள். இனிப்பையும் புளிப்பையும் பங்கு போட்டுக்கொள்வது என்பது அதன் பெயர். இன்டர்சிட்டி வண்டி இனிப்பு. பயணிகள் கைநீட்டும் அளவுக்குச் சண்டை வரும் தடங்கள் புளிப்பு. இந்த இரண்டும் எல்லா டெப்போக்களுக்கும் முடிந்தவரை சமமாகப் போய்ச் சேர வேண்டும். ஒருவர் ஒரே நாளில் ஒரே தடத்தில் திரும்பத் திரும்பப் போவதற்கும் ஒரு வரம்பு. கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் கையால் டூட்டி போட்டுக்கொண்டிருந்த திட்டப் பிரிவுக்கு இது நடக்கிற காரியம் இல்லை. ஒரு டெப்போவின் இனிப்பைச் சரிசெய்தால் இன்னொரு டெப்போவின் புளிப்பு ஏறும்.

ஓ.ஆர். உள்ளே வந்தது இங்கேதான். இத்தாலியில் உருவான ‘டர்னி’ என்ற மென்பொருளை எடுத்து, இந்த விதிகளையெல்லாம் அதற்குள் ஏற்றி, டூட்டிகளைக் கணக்கிட்டார்கள். இனிப்பும் புளிப்பும் சமமாகப் பிரிந்ததோடு, ஆள் செலவில் 1.2 சதவீதம், அதாவது வருடத்துக்கு 48 லட்சம் டாலர் அளவுக்கு மிச்சமும் ஆனது. 2005-ல் இன்டர்ஃபேசஸில் வந்த கட்டுரை இதைச் சொல்கிறது. எழுதியவர்களில் பேராசிரியர்களும் உண்டு, ரயில்வேயில் சம்பளம் வாங்குபவர்களும் உண்டு.

இதைப் படித்தபோது என்னை நிறுத்தியது அந்த 1.2 சதவீதம் இல்லை. அதைவிடப் பெரிய எண்களை இந்தத் துறையில் தினமும் பார்க்கிறோம். கட்டுரை வேலைநிறுத்தத்தைச் சொல்லித் தொடங்குகிறது, அதுதான் என்னை நிறுத்தியது. மாடல், அதாவது சிக்கலின் கணித வடிவம், எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு “முந்தைய ஆய்வுகளில் இப்படி ஒரு இடைவெளி இருந்தது” என்ற வழக்கமான பல்லவி அங்கே இல்லை. ஆட்கள் வண்டியை விட்டு இறங்கிவிட்டார்கள், அதனால் இந்தக் கட்டுப்பாடு, அதாவது விடை மீறக்கூடாத விதி, வந்தது. அவ்வளவுதான். ஒரு கட்டுப்பாட்டுக்கு இதைவிட நல்ல பிறப்புச் சான்றிதழ் கிடையாது.

அதே ரயில்வே 2006 டிசம்பரில் கால அட்டவணையையே புதிதாகப் போட்டது. அதுவரை ஓடியது 1970-ல் உருவான அட்டவணையின் ஒட்டுப்போட்ட வடிவம். நாளொன்றுக்குச் சுமார் 5,500 ரயில்களுக்கு ஆரம்பத்திலிருந்து நேரம் குறித்தார்கள். அதற்காக 2008-ல் எடல்மன் பரிசு கிடைத்தது. இந்தத் துறையில் நடைமுறைப் பயன்பாட்டுக்கென்று தரும் பெரிய பரிசு அதுதான். வருடத்துக்கு 4 கோடி யூரோ கூடுதல் லாபம் என்று அந்தக் கட்டுரையில் போட்டிருக்கிறார்கள். ஆனாலும் என் மாணவர்களுக்கு நான் முதலில் கொடுப்பது 2005 கட்டுரையைத்தான். பரிசு வாங்கிய கட்டுரையில் கொஞ்சம் மேடை மினுக்கு ஏறிவிடும், தவிர்க்க முடியாது.

இன்னொன்றும் கொடுப்பேன். அது சிரிக்க.

நேரியல் திட்டமிடலின், அதாவது வரம்புகளுக்குள் மிகச் சிறந்த விடையைத் தேடும் கணிதத்தின், சிம்ப்ளெக்ஸ் முறையை 1947-ல் கண்டுபிடித்த ஜார்ஜ் டான்ட்சிக், 1990-ல் இன்டர்ஃபேசஸில் ஒரு சிறு கட்டுரை எழுதினார். விஷயம் உணவுக் கணக்கு. ஒரு மனிதனுக்கு வேண்டிய சத்தெல்லாம் கிடைக்கிற மாதிரி, மிகக் குறைந்த செலவில் வருடம் முழுக்க எதைச் சாப்பிடலாம் என்று 1945-ல் ஸ்டிக்லர் என்ற பொருளாதார அறிஞர் கணக்குப் போட்டார். வருடத்துக்கு 39 டாலர் 93 சென்ட் வந்தது, அதுவும் கிட்டத்தட்ட ஊகமாக. 1947-ல் சிம்ப்ளெக்ஸ் முறையைச் சோதிக்க இதையே எடுத்துக்கொண்டார்கள். 9 சமன்பாடு, 77 உணவுப் பொருள். மேஜைக் கணக்குப்பொறிகளை வைத்துக்கொண்டு ஊழியர்கள் போட்டார்கள். ஆள் நாள் கணக்கில் 120. விடை 39 டாலர் 69 சென்ட். ஸ்டிக்லரின் ஊகம் 24 சென்ட்தான் பிசகியிருந்தது.

சில வருடம் கழித்து டான்ட்சிக்கிடமே டாக்டர் எடையைக் குறைக்கச் சொன்னார். நம்மாள் சும்மா இருப்பாரா? இந்த முறை செலவு பிரச்சினை இல்லை, வயிறு நிறைந்த உணர்வு அதிகபட்சமாக வேண்டும். அதைக் கணக்கில் எப்படிக் கொண்டுவருவது? உணவின் எடையிலிருந்து அதிலுள்ள தண்ணீரின் எடையைக் கழித்துக்கொள்வோம் என்று முடிவு செய்தார். மனைவி ஆனிடம், கணினி என்ன சொல்கிறதோ அதைத்தான் சாப்பிடப்போகிறேன் என்று அறிவித்தும் விட்டார். கணினி முதல் நாள் பரிந்துரைத்ததில் 500 காலன் வினிகர் இருந்தது. தரவு அட்டவணையில் வினிகரின் தண்ணீர் அளவு பூஜ்யம் என்று இருந்ததுதான் காரணம். வினிகரைத் தூக்கினார். மறுபடி ஓட்டினால் நாளைக்கு 200 சூப் கட்டி. காலையில் சில கட்டிகளைக் கரைத்து வாயில் வைத்துப் பார்த்தார், உப்பு தாங்காமல் துப்பினார். சூப் கட்டிக்கு ஒரு மேல் வரம்பு போட்டார். அடுத்து நாளைக்கு இரண்டு பவுண்டு தவிடு வந்தது. அதற்கும் வரம்பு போட்டால் கரும்புப்பாகுக் கசண்டு. கடைசியில் ஆன் தானே ஒரு உணவுப் பட்டியல் போட்டுக் கொடுக்க, அதைச் சாப்பிட்டு 22 பவுண்டு குறைந்தார்.

சிம்ப்ளெக்ஸைக் கண்டுபிடித்தவரே, தன் மாடல் சூப் கட்டியில் தடுக்கி விழுந்ததை ஜர்னலில் அச்சில் போடுகிறார். ஒவ்வொரு வரம்பும் எப்படி வந்தது என்று வரிசையாகச் சொல்கிறார். வாயில் வைத்தபிறகு ஒன்று, தட்டைப் பார்த்தபிறகு ஒன்று. நோபல் தகுதி உள்ளவர் என்று பலரும் நினைத்தவர் என்பதால் அவருக்கு இந்தச் சலுகை கிடைத்தது என்று என் சக ஆசிரியர் ஒருவர் சொல்வார். இருக்கலாம். நானோ நீங்களோ 500 காலன் வினிகர் கதையோடு ஒரு பேப்பர் அனுப்பினால் எடிட்டர் மேஜையைத் தாண்டாது.

இனி என் பால் வண்டிக்கு வருகிறேன்.

கொங்குப் பகுதியில் ஒரு தனியார் பால் நிறுவனம். பெயர் வேண்டாம். அதிகாலையில் மினி லாரிகள் கிளம்பி, ஊர் ஊராக உள்ள கொள்முதல் நிலையங்களில் கேன்களை ஏற்றிக்கொண்டு குளிரூட்டும் நிலையத்துக்கு வரும். அங்கே ஒவ்வொரு கேனிலிருந்தும் கொஞ்சம் எடுத்து டெஸ்ட் ட்யூபில் கொதிக்க வைத்துப் பார்ப்பார்கள். திரிந்தால் அந்தக் கேன் திரும்பிவிடும், அந்த நஷ்டம் யார் தலையில் என்பதற்குத் தனிச் சண்டை. ஆகவே வண்டி எந்த ஊருக்கு எப்போது போகிறது என்பது டீசல் விஷயம் மட்டும் இல்லை. வெயில் காலத்தில் அரை மணி நேரம் தள்ளினால் பால் போச்சு.

வண்டித் தடங்களைக் கணக்கிட நாங்கள் தூரங்களை எடுத்தோம், ஒவ்வொரு ஊரின் சராசரிப் பாலை எடுத்தோம், சால்வரில், அதாவது சிறந்த விடையைத் தேடித் தரும் மென்பொருளில், போட்டோம். ஒரு தடத்தில் சால்வர் சொன்ன வரிசையும் வண்டி உண்மையில் போகிற வரிசையும் ஒத்துப்போகவே இல்லை. டிரைவர் ஒரு ஊரின் வாசலைத் தாண்டி நேராக அடுத்த ஊருக்குப் போய், ஏற்றிக்கொண்டு, அதே ரோட்டில் திரும்பி வந்து முதல் ஊரில் நிற்கிறார். தாளில் பார்த்தால் பச்சையான விரயம். அலுவலகத்தில் கேட்டால், “அவருக்கு அங்கே டீக்கடை பழக்கம் மேடம்” என்றார்கள்.

ஒரு நாள் வண்டியிலேயே ஏறிப் போனேன். முதல் ஊரைத் தாண்டும்போது கேட்டேன். டிரைவர் கியரை மாற்றிக்கொண்டே, “இந்நேரத்துக்கு இங்க நின்னா கேனு பாதிகூட நெறையாதுங்க மேடம். இந்த ஊர்ல முக்காவாசி மில்லு வேலைங்க. நைட் ஷிப்ட் விட்டு மில் பஸ்ஸு வந்து எறக்கி விட்டாத்தானுங்க மாடு கறப்பாங்க” என்றார். நாங்கள் திரும்பி வந்தபோது அந்த மில் பஸ் எங்களுக்கு எதிரில் போனது. கொள்முதல் நிலைய வாசலில் யூனிஃபார்ம் கோட்டைக்கூடக் கழற்றாமல், தலையில் ஒட்டிய பஞ்சோடு இரண்டு பெண்கள் தூக்குப்போசியில் பாலோடு நின்றார்கள். “மில்லு லீவுன்னா மொதல்லயே இங்க எடுத்துப்பேனுங்க, அன்னைக்கு நேரத்திலயே கறந்துருவாங்க” என்று இன்னொன்றும் சொன்னார் டிரைவர். மில்லின் விடுமுறை அட்டவணையை ஓர் ஆள் மூளையில் வைத்துக்கொண்டு பால் வண்டி ஓட்டுகிறார். டீக்கடையும் இருந்தது, அதை மறுக்கவில்லை. நல்ல டீ.

அதுதான் எங்கள் மாடலின் உயிர்நாடியான கட்டுப்பாடு. ஒவ்வொரு ஊருக்கும் பால் தயாராகும் நேரம் ஒன்று உண்டு, அது கிழமைக்குக் கிழமை மாறும், மாறுவதற்குக் காரணம் பால் தொழிலிலேயே இல்லை, நூற்பாலையில் இருக்கிறது. இதைக் கண்டுகொண்டபிறகு மற்ற தடங்களிலும் விசாரித்தோம். இப்படி இன்னும் சில கிடைத்தன: ஒரு ஊரில் வாரச் சந்தை நாளில் ரோடு அடைத்துவிடும், இன்னொரு ஊரில் கொள்முதல் நிலையத்தின் சாவி வைத்திருப்பவர் வேறு ஊரிலிருந்து முதல் பஸ் பிடித்து வருகிறார். எல்லாவற்றையும் ஏற்றியபின் சால்வர் போட்ட தடங்களை டிரைவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். சில இடங்களில் அவர்கள் யோசிக்காத வழியையும் அது காட்டியது, அதை அவர்களே ஒப்புக்கொண்டார்கள்.

பேப்பர் எழுதினோம். மதிப்பான ஒரு ஜர்னலுக்கு அனுப்பினோம். பல மாதம் கழித்து ரெவ்யூ வந்தது. ஒரு ரெவ்யூவர், அதாவது ஜர்னலுக்காகக் கட்டுரையை மதிப்பிடும் சக ஆய்வாளர், சொன்னது சுருக்கமாக இது: நேர எல்லைகளோடு கூடிய வண்டித்தடக் கணக்கு 1980-களிலிருந்து இருக்கிறது, இதில் புதுமை என்ன? மில் ஷிப்ட் பற்றிய பகுதி உள்ளூர் விவரம், பொது வாசகருக்கு ஆர்வம் தராது, நீக்கலாம். பதிலாக, சாலமன் கணக்குத் தொகுப்பில் உங்கள் முறையை ஓட்டி ஒப்பிட்டுக் காட்டவும்.

சாலமன் தொகுப்பு என்பது 1987-ல் மேரியஸ் சாலமன் உருவாக்கிய 56 மாதிரிக் கணக்குகள். ஒவ்வொன்றிலும் 100 வாடிக்கையாளர்கள், ஒரு சதுரத்தில் தூவப்பட்ட புள்ளிகள். சிலவற்றில் கொத்துக் கொத்தாக, சிலவற்றில் சிதறலாக, சிலவற்றில் கலந்து. அல்காரிதம்களை ஒன்றோடொன்று ஒப்பிட அது அருமையான பொது மைதானம், அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் அந்தப் புள்ளிகள் மாடு வளர்ப்பதில்லை. மில் பஸ்ஸில் வந்து இறங்குவதும் இல்லை. எங்கள் பேப்பரின் கேள்வி ‘யார் அல்காரிதம் வேகமானது’ என்பதே இல்லை.

ரெவ்யூவர் கெட்டவர் இல்லை. அவர் இடத்தில் நானும் இருந்திருக்கிறேன். ரெவ்யூ படிவத்தில் முதல் கட்டமே ‘முறையில் புதுமை’ என்றுதான் இருக்கும். மில் பஸ்ஸை எழுத அங்கே கட்டம் இல்லை. ஓ.ஆர். முன்னோடிகளில் ஒருவரான ரஸ்ஸல் அக்காஃப் 1979-லேயே, அமெரிக்காவில் ஓ.ஆர். செத்துவிட்டது, புதைக்கத்தான் இல்லை என்கிற அளவுக்குப் போய்ப் பேசினார். கணிதம் கூர்மையாகக் கூர்மையாகச் சிக்கலுக்குச் சொந்தக்காரர்கள் அறையை விட்டு வெளியே போய்விட்டார்கள் என்பது அவர் வாதத்தின் சாரம். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். சால்வர்கள் இன்று செய்வதை 1979-ல் யாரும் கனவு கண்டிருக்க மாட்டார்கள். அந்தக் கணிதம் இல்லாவிட்டால் நெதர்லாந்தின் இனிப்பும் புளிப்பும் தாளிலேயே நின்றிருக்கும். ஆனால் பதவி உயர்வுக்கு என்ன பார்க்கிறார்கள்? வணிகப் பள்ளிகளைத் தரவரிசைப்படுத்த ஃபைனான்ஷியல் டைம்ஸ் நாளிதழ் வைத்திருக்கும் 50 ஜர்னல் பட்டியலைப் பாருங்கள். ‘ஆபரேஷன்ஸ் ரிசர்ச்’ இருக்கிறது, ‘மேனேஜ்மென்ட் சயின்ஸ்’ இருக்கிறது. கடிதம் கேட்கும் நம் ஜர்னல் இல்லை. இளம் ஆசிரியர் ஒருவர் எதற்கு எழுதுவார் என்று நீங்களே சொல்லுங்கள்.

நாங்கள் மில் ஷிப்டை நீக்கவில்லை. பேப்பரைத் திரும்ப வாங்கிக்கொண்டு, நடைமுறைக் கட்டுரைகளுக்கு இடம் தரும் வேறொரு ஜர்னலுக்கு எழுதினோம். அங்கே வேறு மாதிரி உதை. அதன் எடிட்டர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: எவ்வளவு மிச்சம், எதோடு ஒப்பிட்டு?

இப்படிக் களத்துக் கட்டுரை எழுதப்போகிறவர்கள் யாராவது படித்துக்கொண்டிருந்தால், இந்த இடத்தில் கொஞ்சம் நிதானியுங்கள். ‘எதோடு ஒப்பிட்டு’ என்பதுதான் களத்து ஆய்வின் கழுத்தைப் பிடிக்கும் கேள்வி. டீசல் பில் குறைந்திருக்கிறது, சரி. ஆனால் அதே சமயம் டீசல் விலை மாறியிருக்கும். லிட்டர் கணக்கில் பார்க்கலாம் என்றால், பால் வரத்து மாறியிருக்கும். மழைக்குப் பிறகு பசுந்தீவனம் கிடைத்துப் பால் கூடும் மாதங்களும், கோடையில் வற்றும் மாதங்களும் ஒன்றில்லை. பழைய தடத்தில் கடைசி மூன்று மாதத்தையும் புதிய தடத்தில் முதல் மூன்று மாதத்தையும் வைத்து ஒப்பிட்டால் பருவத்தைத்தான் அளந்திருப்பீர்கள். திட்டமிட்ட பழைய தடத்தோடு ஒப்பிடுவது அதைவிட மோசம். ஏனென்றால் பழைய திட்டத் தடத்தில் எந்த டிரைவரும் ஓட்டியதே இல்லை. வண்டியில் இருந்த ஜி.பி.எஸ். பதிவுகளை நிறுவனம் அழிக்காமல் வைத்திருந்ததால் நாங்கள் பிழைத்தோம். சென்ற வருடத்தின் அதே மாதங்களில் வண்டிகள் நிஜமாக ஓடிய கிலோமீட்டரை எடுத்து, ஏற்றிய ஒவ்வொரு லிட்டருக்கும் எத்தனை மீட்டர் ஓடியது என்று ஒப்பிட்டோம். எண் சின்னதாகத்தான் வந்தது. நிர்வாகம் கூட்டங்களில் சொல்லிக்கொண்டிருந்ததைவிட ரொம்பச் சின்னது. ஆனால் யார் தட்டிப் பார்த்தாலும் நிற்கும்.

அப்புறம் அந்தக் கடிதம். இந்த ஜர்னலும் நிறுவனத்திடமிருந்து ஒரு உறுதிக் கடிதம் கேட்டது. செயல்பாட்டு மேலாளர் மகிழ்ச்சியாக எழுதிக் கொடுத்தார். அது சட்டப் பிரிவுக்குப் போய் வந்தபோது சதவீதமெல்லாம் காணாமல் போய், ‘கணிசமான’ என்ற ஒரு சொல் அங்கே உட்கார்ந்திருந்தது. போட்டி நிறுவனம் பார்த்துவிடுமாம். கணிசமான என்றால் எவ்வளவு என்று எடிட்டர் திருப்பிக் கேட்டார். நியாயம்தானே.

இந்த ரகசியப் பிரச்சினை இன்று நேற்று வந்ததில்லை. ஓ.ஆர். பிறந்ததே ராணுவ ரகசியத்துக்குள். இரண்டாம் உலகப்போரில் பிரிட்டனின் கடலோர விமானப் படைக்காக இயற்பியலாளர் பிளாக்கெட்டின் குழு நீர்மூழ்கிக் கணக்குகளைப் போட்டது. நீர்மூழ்கியைத் தாக்க விமானத்திலிருந்து போடும் ஆழ்வெடி 100 அடி ஆழத்தில் வெடிக்கும்படி வைத்திருந்ததை 25 அடிக்கு மாற்றச் சொன்ன அவர்கள் கணக்கு இன்று எல்லாப் பாடநூலிலும் இருக்கிறது. அந்தப் படைப்பிரிவின் ஓ.ஆர். வேலையைப் பற்றி, அதில் இருந்தவரான உயிரியலாளர் வாடிங்டன் போர் முடிந்த கையோடு ஒரு புத்தகம் எழுதி முடித்துவிட்டார். அது அச்சானது 1973-ல். ஒரு தலைமுறை தாண்டி. இன்று நீர்மூழ்கிக்குப் பதில் போட்டி நிறுவனம், அவ்வளவுதான் வித்தியாசம். நிறுவனங்கள் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். எண்ணை மறைக்கட்டும். ஆனால் அவர்களுக்கு மறைக்கத் தோன்றாத விஷயங்கள்தான் இன்னொருவருக்கு உதவும். மில் ஷிப்டை எந்தப் போட்டிக்காரனும் திருடப்போவதில்லை. பக்கத்து மாவட்டத்தில் இதே வேலையைத் தொடங்குகிற ஒருவர் அதைப் படித்தால், முதல் நாளே வண்டியில் ஏறிவிடுவார்.

வெளியிடாமல் விடப்படுவதில் இன்னொரு வகை உண்டு, அது என்னை அதிகம் உறுத்துகிறது. 2017-ல் பாஸ்டன் நகரப் பள்ளி நிர்வாகத்துக்காக எம்.ஐ.டி.யைச் சேர்ந்த பெர்ட்சிமாஸும் அவர் மாணவர்கள் இருவரும் பள்ளிப் பேருந்துத் தடங்களைப் போட்டுக் கொடுத்தார்கள். 50 பேருந்து குறைந்தது, வருடத்துக்கு 50 லட்சம் டாலர் மிச்சம். பிரமாதமான வேலை. அடுத்தபடியாகப் பள்ளி தொடங்கும் நேரங்களையே மாற்றும் திட்டம். பெரிய வகுப்புப் பிள்ளைகள் அதிகாலையில் எழுந்து ஓட வேண்டாம், பேருந்தும் மிச்சமாகும். பெரும்பாலான பள்ளிகளின் நேரம் மாறும். அந்த டிசம்பரில் பள்ளிக் குழு ஏகமனதாக ஒப்புதல் தந்தது. எந்தப் பள்ளிக்கு எந்த நேரம் என்ற பட்டியல் வெளியானதும் பெற்றோர் கொதித்தெழுந்தார்கள். சின்னப் பிள்ளைகளின் பள்ளிகள் பல ஏழேகாலுக்குத் தொடங்கி மதியம் சீக்கிரமே விட்டுவிடும். வேலைக்குப் போகிற அம்மா அதற்கு மேல் பிள்ளையை எங்கே விடுவாள்? சில வாரங்களிலேயே திட்டத்தை விலக்கிக்கொண்டார்கள்.

அந்த ஆய்வு 2019-ல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் வந்தது. அதன் சுருக்கத்தின் கடைசி வாக்கியம், 2017 டிசம்பரில் பள்ளிக் குழு முப்பது வருடங்களில் முதல்முறையாக நேர மாற்றத்துக்கு ஏகமனதாக ஒப்புதல் அளித்தது என்பதோடு நின்றுவிடுகிறது. அடுத்த வாரங்களில் என்ன ஆயிற்று என்பதைச் சுருக்கம் சொல்வதில்லை. அதில் பொய் ஒன்றும் இல்லை. அந்தக் கணிதம் உயர்தரமானது, நான் அதைப் பாடமாகவே நடத்துகிறேன். ஆனாலும் எனக்குப் படிக்க வேண்டியிருப்பது அந்த விடுபட்ட வாரங்கள்தான். மாடலில் பெற்றோரின் வேலை நேரம் எங்கே இருந்தது? இருந்தும் எடை குறைவாக இருந்ததா? நேரம் மாறாத பள்ளிகள் எத்தனை இருக்க வேண்டும் என்று ஒரு வரம்பு போட்டிருந்தால் தப்பியிருக்குமா? நெதர்லாந்தில் எதிர்ப்பிலிருந்து ஒரு விதித்தொகுப்பு கிடைத்தது, அது மாடலுக்குள் போனது, அது கட்டுரையாகவும் வந்தது. பாஸ்டனில் அந்தக் கொதிப்புக்குள்ளும் அப்படி ஏதோ கட்டுப்பாடுகள் இருந்திருக்கத்தான் வேண்டும்.

எங்கள் பேப்பர் கடைசியில் வந்துவிட்டது. சதவீதத்துக்குப் பதில் ஒரு வீச்சைப் போட எடிட்டரும் சட்டப் பிரிவும் ஒத்துக்கொண்டார்கள். மில் ஷிப்ட் முழுப் பத்தியாக இருக்கிறது. டீக்கடை இல்லை.

ஒன்றே ஒன்றில் மட்டும் நான் நினைத்தது நடக்கவில்லை. அந்த டிரைவரின் பெயரையும், தடங்களையெல்லாம் விரல் நுனியில் வைத்திருந்த அனுப்புகைப் பிரிவு மேற்பார்வையாளரின் பெயரையும் நன்றிக் குறிப்பிலாவது போடக் கேட்டேன். ஊழியர் பெயர் வெளியே போகக்கூடாது என்பது விதி என்றார்கள். ஆகவே ‘நிறுவனத்தின் போக்குவரத்துப் பிரிவு ஊழியர்கள்’ என்று அச்சாகியிருக்கிறது. மாலைக் கொள்முதலுக்கான இரண்டாம் கட்ட வேலையை இப்போது பேசிக்கொண்டிருக்கிறோம். மேற்பார்வையாளரை இணை ஆசிரியராகச் சேர்க்க வேண்டும் என்று இந்த முறை ஒப்பந்த வரைவிலேயே எழுதி அனுப்பியிருக்கிறேன். அவருக்கு விருப்பம்தான், “என் பேரு அதுல வந்தா பொண்ணுகிட்ட காட்டலாமுங்க” என்றார். வரைவு சட்டப் பிரிவில் இருக்கிறது.